முடிச்சக்காவும் முப்பது சங்கிலிகளும்

வெள்ளத்தில் செத்த மாட்டின் நாற்றத்தைப் பற்றி யாராவது விலாவாரியாகப் பேசினால் நம்பாதீர்கள். நிஜமாகவே மோந்தவன் பேச மாட்டான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவான். கால்நடை மருத்துவ அவசரக் குழுவில் நான் பதினேழு வருடமாக ஸ்டோர் கீப்பர். புயல், வெள்ளம், தீ என்று எங்கே என்ன நடந்தாலும் மருந்துப் பெட்டியோடு ஜீப்பில் ஏறுகிற ஆள். அந்த நாற்றம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது மனிதர்களின் நாற்றம்தான். அதிலும் குளித்து, பவுடர் பூசி, மடிப்புக் கலையாத சட்டையில் வந்து நிற்கிறவர்களின் நாற்றம். என்னுடையதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் யோக்கியன் இல்லை.

எங்கள் குழுவில் நான்கு பேர். டாக்டர், டிரைவர், நான், உதவியாளராக முடிச்சக்கா. டாக்டர் ஒப்பந்த வேலையில் வருகிறவர். வருடத்துக்கு ஒருவர் வருவார், நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவார். தொழில் தெரிந்தவள் அக்காதான். மாட்டைச் சாய்த்துப் படுக்க வைப்பதும், கம்பி கிழித்த ஆட்டுக்குத் தையல் போடும்போது அசையாமல் பிடிப்பதும், புழு வைத்த புண்ணில் விரலை விட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பதும் அவள் வேலை. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்போம்.

"என்னத்துக்குடா மூக்கைப் புடிக்கிறீங்க? இதுங்க பசிக்குத் திங்குதுங்க. ஆபீஸ்ல உக்காந்திருக்கிற புழுவைப் பார்த்து மூக்கைப் புடிங்க" என்பாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கட்டையான உருவம், முழங்கை வரை தழும்பு. கணவன் கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்து ஒரு வாரக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். இருபத்தொன்பது வயதில், கையில் ஒரு பெண் குழந்தையோடு நின்ற அவளுக்கு அவன் வேலையைக் கொடுத்தார்கள். முதல் இரண்டு வருடம் தரை கழுவினாள், ஊசி கொதிக்க வைத்தாள், டாக்டர்களுக்கு டீ வாங்கி வந்தாள். மூன்றாவது வருடம் ஒரு பால் பண்ணையில் தீப்பிடித்தது. உள்ளே பதினொரு பசுக்கள். எல்லாம் கழுத்துக் கயிற்றோடு கம்பத்தில் கட்டப்பட்டிருந்தன. மிரண்டு போய் மாடு இழுக்க இழுக்க முடிச்சு கல்லாக இறுகிவிடும். அக்கா உள்ளே போய் இரண்டு முடிச்சை அவிழ்த்தாள். மூன்றாவதை அவிழ்ப்பதற்குள் கூரை இறங்கியது. மற்ற ஒன்பதும் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

வெந்த கை ஆறியதும் அவள் நேராகப் போனது லாரி ஷெட்டுக்கு. தார்ப்பாய் கட்டுகிற ஒருவனைப் பிடித்து, "எவ்வளவு இழுத்தாலும் தாங்கணும், நான் நினைச்சா ஒரே இழுப்புல அவிழணும், அப்படி ஒரு முடிச்சு இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. கயிற்றின் நுனியை மடித்துச் செருகி, வால் போலத் தொங்க விட்டுவிடுவார்கள். மாடு எத்தனை இழுத்தாலும் அது கழன்று வராது. அந்த வாலை நாம் இழுத்தால் பட்டென்று விட்டுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஜன்னல் கம்பியில் கட்டிக் கட்டி அவிழ்த்துப் பழகினாளாம்.

அதற்குப் பிறகு அந்த முடிச்சுப் பைத்தியம் பிடித்தது. ஊரில் யார் கொட்டகை திறந்திருந்தாலும் உள்ளே நுழைந்து, கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துத் தன் முடிச்சில் மறுபடி கட்டிவிட்டு வருவாள். திட்டு வாங்கியிருக்கிறாள். "உங்க மாடு, உங்க கொட்டகை, எனக்கு ஒண்ணும் வேணாம். முடிச்சு மட்டும் என்னுது" என்பாள். வீட்டில் கொசுவலை, திரைச்சீலை, மூட்டை, எல்லாவற்றுக்கும் அதே முடிச்சு. மருமகன் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது கொடியில் துண்டைக் காயப் போடுகிறேன் பேர்வழி என்று தொங்கிய வாலைப் பிடித்து இழுத்து, பக்கத்து வீட்டுத் துணி உட்பட எல்லாவற்றையும் சேற்றில் இறக்கினான். "தொட்டிலையாவது சாதா முடிச்சுல கட்டும்மா" என்று மகள் கையெடுத்துக் கும்பிட்டாளாம்.

போன வருடம் அந்த மழை வந்தது. ஐந்து நாள் விடவில்லை. ஆற்றங்கரைப் பள்ளத் தெருவைக் காலி செய்யச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்தினார்கள். பள்ளத் தெருக்காரர்கள் அசையவில்லை. ஆளுக்கு ஒரு மாடு, இரண்டு ஆடு என்று வைத்துப் பிழைக்கிறவர்கள். மனிதர்களுக்கு லாரி வந்தது, மாடுகளுக்கு வரவில்லை. லாரிக்காரர்கள் திட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

நாங்கள் போனபோது முழங்கால் தண்ணீர். முதல் வீடு பால்காரியுடையது. நாற்பது வயதிருக்கும், தனி ஆள், பிள்ளை குட்டி இல்லை. ஒரே ஒரு எருமை. அதுவும் நிறைமாதச் சினை. எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"இது வந்தா நான் வர்றேன். இல்லாட்டி நீங்க கிளம்புங்க."

"யாருடி இதை விட்டுட்டு வரச் சொன்னது?" என்றாள் அக்கா. "கயிறை என் கையில குடு. ஸ்கூல் மைதானத்துல கட்டுறேன். நீ ஸ்கூலுக்குள்ளயே படுத்துக்க, ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே இரு. உன் எருமைக்கு ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு."

"நிஜமாவாக்கா?"

"என்னைக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

பால்காரி கயிற்றைக் கொடுத்தாள். அவள் நடந்ததும் தெருவே பின்னால் நடந்தது. ஒரு அதிகாரி ஐந்து நாளாகக் கத்தியும் நடக்காத காரியம் அக்காவின் ஒரு பேச்சுக்கு நடந்தது. ஐம்பத்தெட்டு உருப்படி. எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்தின் சைக்கிள் நிறுத்தத்தில், நீளமான இரும்புக் குழாயில் கட்டினாள். எல்லாம் அவள் முடிச்சு.

பிறகு வந்தார்கள் பாருங்கள் உதவி செய்கிறவர்கள்! ஒரே மாதிரி பனியன் போட்ட ஒரு கூட்டம், கழுத்தில் கேமரா. அதில் ஒரு பெண் என்னிடம், "சார், அழுக்கில்லாத கன்னுக்குட்டி ஒண்ணு கிடைக்குமா? மடியில வச்சு எடுக்கணும்" என்று கேட்டது. இன்னொரு கூட்டம் ஒரு வண்டி வைக்கோல் கொண்டுவந்தது. வைக்கோலை விடப் பேனர் பெரிது. பிரித்தால் உள்ளே கறுப்பாகப் பூஞ்சை. மாடு மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அதையும் படம் எடுத்து, "பாவம், அதிர்ச்சியில சாப்பிட மாட்டேங்குது" என்றார்கள். அக்கா அந்த வைக்கோலை அவர்கள் கண் முன்னாலேயே குழி தோண்டிப் போட்டு மூடினாள்.

இப்போது எங்கள் மேலதிகாரியைச் சொல்ல வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. வெள்ளத்துக்கு நடுவிலும் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. முகாமுக்கு வந்தால் ஜீப்பை விட்டு இறங்க மாட்டார். கண்ணாடியை நாலு விரல் இறக்கிப் பேசுவார். மாட்டு மூத்திர வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம். கால்நடைத் துறையில் இருபத்தாறு வருடம் சம்பளம் வாங்கிய ஆசாமி!

நான்காம் நாள் ஒரு பெரிய மனிதர் முகாமைப் பார்க்க வந்தார். இஸ்திரி பூங்கொத்தோடு காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளாடு தன் கயிற்றின் வாலை வாயால் இழுத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த இரண்டின் வாலையும் சேர்த்து. மூன்றும் நேராக வந்து இஸ்திரியின் பின்னால் நின்று, அவர் கையைப் பின்னால் கட்டிப் பிடித்திருந்த பூங்கொத்தைத் தின்றன. அவர் பவ்யமாக நீட்டியபோது வெறும் காம்பும் ரிப்பனும்தான் இருந்தன. பெரிய மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். பள்ளத் தெருவே சிரித்தது. பால்காரி சிரித்ததை அன்றுதான் நான் பார்த்தேன்.

மறுநாள் காலை சங்கிலிகள் வந்து இறங்கின. முப்பது சங்கிலி, முப்பது பூட்டு. ஒவ்வொன்றிலும் நம்பர் அடித்திருந்தது.

"இனிமே கயிறு கிடையாது," என்றார் இஸ்திரி. "கண்டபடி அவுத்துக்கிட்டு ஓடுறதுக்கு இது என்ன சந்தையா? மாடு திருடு போனா யாரு பதில் சொல்றது? முதல்ல பெரிய உருப்படிக்கெல்லாம் மாட்டுங்க. மீதிக்கு அடுத்த வாரம் வரும்."

"சார், தண்ணி வந்தா பூட்டைத் திறந்துக்கிட்டா நிக்க முடியும்?" என்றாள் அக்கா.

"தண்ணிதான் வடிஞ்சிருச்சேம்மா. இனிமே எங்கேருந்து வரப்போகுது?"

"மேல ஏரி ரொம்பிக் கிடக்கு சார். கரையைப் போய்ப் பார்த்தீங்களா?"

"அது என் துறை இல்லை."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அப்போது பதவி உயர்வு ஃபைல் இஸ்திரியின் மேஜையில் இருந்தது. "சார்தான் சொல்றாருல்ல, மாட்டிருங்கக்கா" என்றேன். அவள் மூக்கைச் சிந்திச் சேற்றில் எறிந்துவிட்டுச் சங்கிலியை எடுத்தாள். இருபத்திரண்டு வருட வேலையில் சொன்ன பேச்சைக் கேட்காமல் எத்தனையோ மெமோ வாங்கியவள். அன்றைக்கு மட்டும் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒருவேளை சொன்னது நான் என்பதால் இருக்கலாம்.

இருபத்து நான்கு சங்கிலி குழாயில் ஏறியது. அதற்கு மேல் பெரிய உருப்படிகளுக்குக் குழாயில் இடமில்லை. மீதி ஆறையும் மைதானத்துக் கோடியில் இருந்த சிமெண்ட் தூண்களில் பூட்டினோம். கடைசித் தூணில் பால்காரியின் எருமை. சங்கிலி நம்பர் முப்பது. அக்காதான் பூட்டினாள்.

"சாவிக்கொத்தை இங்கயே ஆணியில தொங்க விட்டுடுறேன் சார்" என்றாள்.

"அதெல்லாம் கூடாது. ஸ்டோர் சாமான் ஸ்டோர் பீரோவுலதான் இருக்கணும்."

ஸ்டோர் பீரோ என்பது தலைமை ஆசிரியர் அறையில் நாங்கள் வைத்திருந்த இரும்பு அலமாரி. மயக்க ஊசிகள் இருப்பதால் எப்போதும் பூட்டியிருக்கும். அதன் சாவி என் சட்டைப் பையில் இருக்கும். அது விதி. விதியை எழுதினவன் வாழ்நாளில் ஒரு மாட்டைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டான்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகத்தில் கூட்டம். முகாமிலிருந்து பைக்கில் பத்து நிமிடம். தலைப்பு என்ன தெரியுமா? 'பேரிடர் தயார் நிலை.' சிரிக்காதீர்கள். இஸ்திரி என்னைப் பதிவேட்டோடு வரச் சொன்னார். டாக்டர் அன்று வேறு முகாமில் இருந்தார். முகாமில் அக்காவும் டிரைவரும் மட்டும். பள்ளத் தெருக்காரர்கள் நிவாரண அரிசி வாங்க மேட்டுப் பக்கம் போயிருந்தார்கள், பால்காரி மட்டும் எருமையை விட்டு நகரவில்லை.

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டிரைவர் போன் செய்தான்.

"அண்ணே, ஏரிக்கரை உடைஞ்சிருச்சு! தண்ணி மைதானத்துக்குள்ள வருது. சாவியோட ஓடி வாங்கண்ணே!"

நான் குனிந்து இஸ்திரியின் காதில் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடுத்தது நம்ம அயிட்டம்தான்யா. முடிச்சிட்டுப் போலாம். முழங்கால் தண்ணிதான இருக்கும்" என்றார். நான் உட்கார்ந்தேன். போன் மறுபடி அடித்தது. மறுபடியும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று போனின் வாயை அடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன், சாவியோடு சாவியாக. அது பை முழுக்க அதிர்ந்துகொண்டே இருந்தது. அப்போது பிஸ்கட் தட்டு வந்தது. கிரீம் பிஸ்கட். நான் இரண்டு எடுத்துத் தின்றேன். தூ! இதைச் சொல்லும்போது என் வாயை நானே பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

முகாமில் நடந்ததை டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தண்ணீர் வந்ததும் அக்கா கயிற்றில் இருந்த இருபத்தெட்டையும் வரிசையாக ஓடிக்கொண்டே இழுத்து விட்டாள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லையாம். எல்லாம் மேட்டுப் பக்கம் ஓடின. பிறகு தலைமை ஆசிரியர் அறைக்கு ஓடிக் கடப்பாரையால் பீரோவை அடித்தாள். நல்ல இரும்பு, திறக்கவில்லை. திருடனுக்குப் பயந்து வாங்கிய பீரோ அல்லவா? "குழாயைப் புடுங்கிடுடா!" என்று டிரைவரிடம் கத்தினாள். ஜீப்பில் கயிற்றைக் கட்டிச் சைக்கிள் நிறுத்தத்தின் குழாயை இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் ஒரு முனை பெயர்ந்தது. சங்கிலிகள் ஒவ்வொன்றாக அந்த முனை வழியாக வழுக்கி வெளியே வந்தன. இருபத்து நான்கு மாடும் கழுத்தில் சங்கிலி தொங்க நீந்திக் கரையேறின.

மீதி தூணில் இருந்த ஆறு. சிமெண்ட் தூணை ஜீப்பால் பிடுங்க முடியவில்லை. அதற்குள் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து ஜீப் நின்றுவிட்டது.

எருமைக்கு நீந்தச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இரண்டு முழச் சங்கிலியில் கழுத்து தாழ்வாகப் பூட்டியிருந்தால் எது நீந்தும்? பால்காரி வகுப்பறையிலிருந்து பாய்ந்து வந்து எருமையின் தாடையைத் தோளில் தாங்கித் தூக்கினாள். அக்கா தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கிக் கடப்பாரையால் பூட்டை அடித்தாள். தண்ணீருக்குள் ஓங்கி அடிக்க முடியுமா என்ன? உள்ளங்கை பிய்ந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். மற்ற ஐந்தும் ஒவ்வொன்றாக அடங்கின. தண்ணீர் பால்காரியின் மார்புக்கு வந்தது, பிறகு கழுத்துக்கு. டிரைவர் வகுப்பறை வாசலிலிருந்து கயிற்றை வீசினான். அக்கா அதைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, பால்காரியின் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள்.

"விடுக்கா! என்னை விடு! நீ சொன்னியேக்கா! நீதான சொன்ன, நான் பொறுப்புன்னு!"

அக்கா முடியை விடவில்லையாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூட கேட்டில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர். பீரோ உள்ளே மூழ்கியிருந்தது, அதற்குள் முப்பது சாவி. பீரோ சாவி என் சட்டைப் பையில், ஒரு சொட்டு ஈரம் படாமல்.

நான்கு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. தூண்களில் அந்த ஆறும் அப்படியே இருந்தன. வயிறு ஊதி, தோல் வெடித்து, சங்கிலி கழுத்துச் சதைக்குள் முக்கால்வாசி புதைந்து. எருமையின் பின்பக்கம் கன்றின் ஒரு குளம்பு மட்டும் வெளியே வந்திருந்தது. புதைக்க வந்த ஆட்கள் வாந்தியெடுத்தார்கள். இஸ்திரி ஜீப்பில் இருந்தபடியே கண்ணாடியை நாலு விரல் இறக்கினார்.

"சங்கிலி முப்பதும் ஸ்டோருக்குத் திரும்பணும். நல்லாக் கழுவி வாங்கிக்கய்யா."

கழுவி! நான் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். கட்டுப்போட்ட கையால் அழுகிய சதையை விலக்கி, ஒவ்வொரு பூட்டாக அவளே திறந்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை. கடைசிப் பூட்டைத் திறந்ததும் சங்கிலியைக் கொண்டுவந்து இஸ்திரியின் ஜீப் கண்ணாடி வழியாக அவர் மடியில் போட்டாள். "எண்ணிக்கங்க சார்" என்றாள். அந்தச் சட்டையில் முதன்முதலாக அன்றைக்குத்தான் ஒரு கறையைப் பார்த்தேன்.

விசாரணை வந்தது. இஸ்திரி என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முன்கூட்டியே டைப் அடித்த தாள். 'சாவிக்கொத்து முகாமில் உதவியாளரின் பொறுப்பில் இருந்தது. பதற்றத்தில் அவர் அதைப் பயன்படுத்தத் தவறினார்.' கீழே என் பெயர்.

"கையெழுத்துப் போட்டா அந்தம்மாவுக்கு ஒரு மெமோ, அவ்வளவுதான். போடலேன்னா நம்ம ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். உன் பிள்ளைங்க படிக்குது, யோசிச்சுக்க."

யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். பேனாவைத் தேடியதுதான் தாமதம்.

மெமோ இல்லை, சஸ்பென்ஷன். சாவி முகாமில் இல்லை என்று டிரைவர் சொன்னதை விசாரணையில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பள்ளத் தெருக்காரர்களைக் கூட்டி அந்த அறிக்கையை வாசித்துக் காட்டினார்கள். அன்று சாயங்காலமே பால்காரி அக்கா வீட்டுக்குப் போனாளாம்.

"சாவி உன்கிட்டதான் இருந்துச்சாமே?"

"என்கிட்ட இல்லடி. சத்தியமா இல்ல."

"அப்ப காயிதத்துல ஏன் அப்படிப் போட்டிருக்கு? அந்த ஸ்டோர்காரர் உன் தம்பி மாதிரிதான? அவரு எதுக்குப் பொய் எழுதப்போறாரு?"

பால்காரி அதற்குப் பிறகு அவளோடு பேசவே இல்லை. எதிரெதிர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். வேலை போனதை அக்கா தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்கவில்லை. ஒரு சுற்று இளைத்துப் போனாள் என்று டிரைவர் என்னிடம் சொன்னான். அதோடு அவனும் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

இஸ்திரிக்குச் 'சிறந்த முகாம் நிர்வாகம்' என்று விருது. ஐம்பத்தெட்டில் ஐம்பத்திரண்டைக் காப்பாற்றினாராம். படத்தைச் சட்டம் போட்டு, என் மேஜைக்கு நேர் எதிரே சுவரில் மாட்டினார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஒரு சுழல் நாற்காலி கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்தால் எதிரே அவர் பல், திரும்பினால் ஸ்டோர் ஜன்னல் வழியே ஆணியில் தொங்குகிற முப்பது சங்கிலி.

இந்த வருடம் மறுபடி புயல் எச்சரிக்கை. மறுபடி ஒலிபெருக்கி. மனிதர்களுக்கும் மாடுகளுக்கும் இந்த முறை லாரி போனது. வெறும் லாரியாகவே திரும்பி வந்தது. பள்ளத் தெருவில் ஒரே பேச்சுதான். "காயிதத்துல என்ன போட்டிருந்தாலும் எங்க ஆட்டை அவுத்து விட்டது முடிச்சக்கா. அந்தம்மா வந்து கட்டட்டும், வர்றோம். சங்கிலிக்காரங்களை நம்பி வர மாட்டோம்." நாளைக்கு மதியத்துக்குள் புயல் கரையைத் தொடும் என்றார்கள்.

"போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வாய்யா. சஸ்பென்ஷனை ரத்து பண்ணிடுறேன்" என்றார் இஸ்திரி. இந்தத் தடவை ஏதாவது ஆனால் படத்தைச் சுவரிலிருந்து இறக்க வேண்டி வருமே என்ற கவலை அவருக்கு.

அக்கா முற்றத்தில் உட்கார்ந்து ஒரு தெரு நாயின் காதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். காதுக்குள் ஒரே சீழ். என்னைப் பார்த்தாள், உட்காரச் சொல்லவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"வேலையை நீங்களே வச்சுக்கங்க," என்றாள். "கட்ட நான் வர்றேன், எனக்கு ஒருத்தனும் ஆர்டர் போட வேணாம். ஆனா அவ வர மாட்டா."

"யாரு?"

"யாரா? பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டி ரெண்டு அவ கொட்டகையிலதான் கிடக்கு. நான் கூப்பிட்டா அவ வருவாளா? என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்குறா. தண்ணிக்குள்ளயே கிடந்து சாவா." பஞ்சைத் தூக்கி எறிந்தாள். "முதல்ல அவகிட்ட போய்ச் சொல்லு. சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு."

"அக்கா, வேணும்னா நான் திருத்தி எழுதிக் குடுத்திடுறேன்..."

"உன் எழுத்தை நான் பார்த்தாச்சு தம்பி. வாயால சொல்லு."

'தம்பி' என்றாள். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் இதைவிடத் தேவலாம்.

அங்கிருந்து பள்ளத் தெருவுக்குப் போனேன், முதல் வீடு பால்காரியுடையது. அடுத்தவர்கள் மாட்டைக் கறந்து கொடுத்துப் பிழைக்கிறாள் இப்போது. வாசலில் உட்கார்ந்து தேங்காய் நாரால் பால் கேனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நின்றபடியே சொன்னேன். சாவி என்னிடம் இருந்தது, அக்காவிடம் இல்லை, அக்கா ஆணியில் மாட்டத்தான் கேட்டாள், காகிதத்தில் எழுதியது பொய், கையெழுத்து என்னுடையது. கூட்டத்தில் இருந்தபோது போன் வந்ததையும், எழுந்து வராமல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். பிஸ்கட்டை மட்டும் சொல்லவில்லை. அதற்கு வாய் வரவில்லை.

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"போன் வந்தப்புறம் எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

"நாற்பது நிமிஷம் இருக்கும்."

நார் நின்றது.

"அவ்வளவு நேரமும் அது உசிரோடதான் சார் இருந்துச்சு," என்றாள். "மூஞ்சி என் தோள்ல இருந்துச்சு. மூச்சு விட்டது என் காதுல சூடா பட்டுக்கிட்டே இருந்துச்சு."

பிறகு எழுந்து, கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அக்கா வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் அங்கேயே நின்றிருந்தேன்.